ஒரே பிரஷர், ஒரே ஆபத்தா?



ரத்த அழுத்தம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள் என்ற பேச்சை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அத்தனையும் உண்மை, அதைக் கேட்டு நடந்தவர்கள் பிழைத்தார்கள். இன்று நான் அதற்கு அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒருவருக்கு பி.பி. இருப்பது தெரிந்துவிட்டது. அவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு? அதை எப்படிக் கணிப்பது? கணித்து என்ன செய்வது?

ஓ.பி.யில் அன்றாடம் காதில் விழும் கேள்வி இது: “டாக்டர், 148/92 காட்டுது. பயப்படணுமா?” இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 42 வயதுப் பள்ளி ஆசிரியை. சர்க்கரை கிடையாது, புகையிலை கிடையாது, வீட்டில் யாருக்கும் இளவயதில் மாரடைப்பு வந்ததில்லை. மற்றவர் 61 வயது லாரி ஓட்டுநர். முப்பது வருஷமாக பீடி, பத்து வருஷமாகச் சர்க்கரை, சிறுநீரில் புரதம் போகிறது. இருவர் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் அதே 148/92. ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த ஓட்டுநருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆசிரியைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. நம் மருந்துச் சீட்டுகளிலோ இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே வரி அறிவுரை, “மாசம் ஒரு தடவை வந்து பாருங்க.” இந்த இடத்தில்தான் நாம் சறுக்குகிறோம்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே தெரியாத காலம் ஒன்று இருந்தது. அது அப்படியொன்றும் பழைய காலமில்லை. அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பி.பி. 1941இல் 188/105. அவருடைய சொந்த மருத்துவரான ராஸ் மெக்கின்டயர் காது மூக்கு தொண்டை நிபுணர். ஜனாதிபதி வயதுக்கேற்ற நல்ல உடல்நிலையில் இருக்கிறார் என்றே நாட்டுக்குச் சொல்லிவந்தார். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தபோது 186/108. இதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டிஜிட்டாலிஸ் மாத்திரை, உப்பு குறைந்த சாப்பாடு, ஓய்வு. அன்றைய மருத்துவத்தின் கையில் இருந்தது அவ்வளவுதான். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த உடம்போடுதான் அவர் 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்கும் போய்வந்தார். ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். கடைசி நேரத்தில் புரூயன் குறித்துவைத்த அளவு 300/190. ரூஸ்வெல்ட்டுக்கு அப்போது வயது 63.

மெக்கின்டயர் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வயது ஏறினால் பிரஷரும் ஏறும், இறுகிப்போன குழாய்களில் ரத்தத்தைத் தள்ளுவதற்காக உடம்பே அதை ஏற்றிக்கொள்கிறது, குறைக்கப் போனால்தான் ஆபத்து என்று பெரிய பேராசிரியர்களே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை உடைக்க, ஆரோக்கியமான மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்க்க வேண்டியிருந்தது.

1948 ஜூனில் அதிபர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் அந்த ஆய்வு தொடங்கியது. அன்று அந்த ஊரின் ஜனத்தொகை சுமார் 28,000. அவர்களில் 30 முதல் 62 வயது வரையுள்ள ஆண்களும் பெண்களுமாக 5,209 பேர் ஒப்புக்கொண்டார்கள். பாதிக்கு மேல் பெண்கள்; அந்தக் காலத்து ஆராய்ச்சியில் இது அபூர்வம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரச் சொல்லி பி.பி., ரத்தக் கொழுப்பு, எடை, புகைப்பழக்கம், இ.சி.ஜி. எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். மருந்து எதையும் சோதிக்கவில்லை. பார்த்தார்கள், குறித்தார்கள், காத்திருந்தார்கள்.

1961இல் தாமஸ் டாபரும் வில்லியம் கேனலும் சக ஆய்வாளர்களும் முதல் ஆறு ஆண்டுகளின் கணக்கை வெளியிட்டார்கள். பிரஷர் கூடியவர்களுக்கும், கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கும், இ.சி.ஜி.யில் இதயச் சுவர் தடித்த அடையாளம் இருந்தவர்களுக்கும் இதய நோய் அதிகமாக வந்திருந்தது. இன்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் விஷயம் இது. அன்று அது புதுச் செய்தி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: இந்தக் காரணிகள் ஒரே மனிதரிடம் சேரச் சேர, ஆபத்து எகிறியது. எந்தக் காரணியும் தனியாக வேலை செய்யவில்லை. 1967இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டு என்ற புள்ளியியலாளரும் கேனலும் அவர்களோடு இருந்தவர்களும் எல்லாக் காரணிகளையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்து, ‘இப்படிப்பட்ட ஒருவருக்கு இத்தனை ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு இவ்வளவு’ என்று கணக்கிடும் வழியைக் காட்டினார்கள். இன்று கைபேசியில் விரல் வைத்துப் போடும் கணக்குகளுக்கெல்லாம் மூலம் அதுதான்.

ஃபிராமிங்ஹாம் இன்னொரு பழைய நம்பிக்கையையும் உடைத்தது. கீழே வரும் எண்தான் முக்கியம், மேலே உள்ளது வயதோடு ஏறத்தான் செய்யும் என்று மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். “மேல் பிரஷர்தான் 160, கீழே 80தானே, நார்மல்தானே” என்று இன்றும் சொல்கிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஆபத்தை அதிகம் சொல்வது மேல் எண்தான்.

பிறகு 2002இல் இன்னும் பெரிய கணக்கு ஒன்று வந்தது. 61 ஆய்வுகள், சுமார் 10 லட்சம் பேர். நடுவயதினரில், 115/75 என்ற அளவிலிருந்தே, மேல் எண்ணில் ஒவ்வொரு 20 ஏற்றத்துக்கும், கீழ் எண்ணில் ஒவ்வொரு 10 ஏற்றத்துக்கும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது. 139 வரை பாதுகாப்பு, 140இல் அபாயம் என்று கோடு எதுவும் இயற்கையில் இல்லை.

‘இரண்டு மடங்கு’ என்றதும் பயம் வருகிறது. எதன் இரண்டு மடங்கு என்று கேளுங்கள். நூற்றுக்கு 1 என்பது 2 ஆவதும் இரண்டு மடங்கு; நூற்றுக்கு 15 என்பது 30 ஆவதும் இரண்டு மடங்கு. பிரஷர் ஏதோ ஒன்றைப் பெருக்குகிறது. அது எதைப் பெருக்குகிறது என்பதை வயதும் சர்க்கரையும் புகையிலையும் கொழுப்பும் சிறுநீரகமும் பரம்பரையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பெருக்கப்படும் எண் தெரியாமல் விடையைச் சொல்ல முடியாதே! என் பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

அந்தக் கணக்கைப் போடும் முன், கையில் இருக்கும் பி.பி. எண்ணே சரிதானா? இதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன்; கணக்கு தப்பாவது பெரும்பாலும் இங்கேதான். நோயாளி பஸ்ஸிலிருந்து இறங்கி, படியேறி, வரிசையில் நின்று, கழிப்பறைக்குப் போகவும் நேரமில்லாமல் வந்து உட்காருகிறார். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூல். கை தொங்குகிறது அல்லது மடியில் கிடக்கிறது. சட்டைக் கையைச் சுருட்டாமல் அதன் மேலேயே பட்டை. காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே “தூக்கம் வருதா? மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்று நாங்கள் கேட்க, அவர் பதில் சொல்கிறார். இவை ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும். கை வைக்கும் இடத்தை மட்டும் ஆராய்ந்து அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: கையை மேஜை மேல் இதய மட்டத்தில் வைப்பதோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 கூடுகிறது, பக்கவாட்டில் தொங்கவிட்டால் ஆறரை கூடுகிறது. பேசுவது, நிரம்பிய மூத்திரப் பை, பருத்த கைக்குச் சின்னப் பட்டை, இவையும் சேர்ந்துகொண்டால் 132 என்பது 150 ஆகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போடாமல் பாதம் தரையில் படட்டும். முதுகு சாயட்டும், கை மேஜையில் இருக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும். இரண்டு தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். முதல் நாள் இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். இரண்டு கைக்கும் 15க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவே குழாய் நோய்க்கு ஒரு தடயம்.

மருத்துவமனையில் மட்டும் ஏறுகிற பிரஷர் உண்டு. அதற்கு நேர்மாறாக, மருத்துவரிடம் 130 காட்டி, வீட்டிலும் வேலையிடத்திலும் 150இல் நிற்கும் பிரஷரும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்தானது, யாரும் அதைத் தேடுவதில்லை. வசதி இருப்பவர்கள் மேல் கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்கி, ஒரு வாரம் காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை எழுதி வாருங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதன் சராசரி 135/85க்கு மேல் இருந்தால் பி.பி. உண்மைதான். மணிக்கட்டில் கட்டும் மெஷினை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இப்போது ஆபத்துக் கணக்குக்கு வருவோம். 1993இல் நியூசிலாந்து மருத்துவர்கள், மிதமாக ஏறிய பிரஷருக்கு மருந்து தரலாமா என்பதை அந்த எண்ணை மட்டும் பார்க்காமல் மொத்த ஆபத்தையும் பார்த்து முடிவு செய்யும்படி வழிகாட்டினார்கள். அதன் பிறகு நாட்டுக்கு நாடு கணக்குகள் வந்தன. பிரிட்டனில் க்யூரிஸ்க், ஐரோப்பாவில் ஸ்கோர்-2, அமெரிக்காவில் 2023இல் வந்த பிரிவென்ட். நமக்கு மிகவும் உதவக்கூடியது உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் புதுப்பித்த வண்ண அட்டவணை. உலகத்தை 21 வட்டாரங்களாகப் பிரித்து, தெற்காசியாவுக்கென்று தனி அட்டவணை தந்திருக்கிறார்கள்.

அதை வாசிக்கக் கணக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆணா பெண்ணா, புகைப்பவரா இல்லையா என்று பார்த்து உரிய பத்திக்குப் போக வேண்டும். 40 முதல் 74 வரை ஐந்தைந்து வயதாகப் படிகள். ஒவ்வொரு படியிலும் மேல் பிரஷருக்கு ஐந்து வரிசைகள்: 120க்குக் கீழே, 120 முதல், 140 முதல், 160 முதல், 180க்கு மேல். குறுக்கே கொலஸ்ட்ரால் அளவு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனிப் பகுதி. இவை சந்திக்கும் கட்டத்தில் ஒரு நிறம். பச்சை என்றால் அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு 5க்குக் கீழே. மஞ்சள் 10க்குக் கீழே. ஆரஞ்சு 20க்குக் கீழே. சிவப்பு 30க்குக் கீழே. கருஞ்சிவப்பு அதற்கும் மேல். ரத்தப் பரிசோதனை வசதியே இல்லாத ஊருக்கு இன்னொரு அட்டவணை உண்டு. அதில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் உயரத்துக்கேற்ற எடை. ஒரு டேப்பும் ஒரு தராசும் ஒரு பி.பி. மெஷினும் இருந்தால் போதும்.

நிறத்தை எப்படிப் புரிந்துகொள்வது? ‘நூற்றுக்கு 15’ என்றால், உங்களைப் போன்ற நூறு பேரில் பதினைந்து பேருக்குப் பத்து ஆண்டுகளில் வரும். அந்தப் பதினைந்து பேரில் நீங்கள் உண்டா இல்லையா என்று எந்த அட்டவணையும் சொல்லாது. “சொல்லுங்க டாக்டர், எனக்கு வருமா வராதா?” என்று கேட்பவர்களிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டியது எங்கள் கடமை. ஜோசியம் போல இதைக் கையாளக் கூடாது.

சிலருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், பி.பி. 160/100க்கு மேல் நிலையாக நிற்பவர்கள், இவர்கள் எல்லாரும் கணக்குப் போடாமலேயே சிகிச்சைக்கு உரியவர்கள். இவர்களை உட்காரவைத்து அட்டவணை பார்ப்பது நேர விரயம்.

அட்டவணைக்குத் தெரியாத விஷயங்களும் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்ல வேண்டும். முதலாவது பரம்பரை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் உங்கள் ஆபத்து அட்டவணை சொல்வதைவிட அதிகம். “அப்பா தூக்கத்திலேயே போயிட்டாரு, நல்ல சாவு” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எத்தனை வயதில் போனார் என்று நான் கேட்பேன். 48 என்று பதில் வந்தால் அதை இதயச் சாவாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது, பெண்களைப் பற்றியது. கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறி, கை கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், சிலருக்கு வலிப்பும் வந்து, குழந்தையை அவசரமாக எடுத்திருப்பார்கள். குழந்தை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும். வீட்டில் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். உடம்பு மறப்பதில்லை. அப்படிப்பட்ட பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த அவையில் இருக்கும் அம்மாக்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஐம்பது வயதில் பி.பி.க்காக மருத்துவரிடம் போகும்போது, இருபத்தைந்து வயதுப் பிரசவத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அது பழங்கதை இல்லை. ஆசிரியை என்று முதலில் சொன்னேனே, அவருக்கு இப்படி ஒன்று நடந்திருந்தால் என் கணிப்பு அப்போதே மாறிவிடும்.

மூன்றாவது, நாம் பிறந்த இடம். ஃபிராமிங்ஹாம் சூத்திரம் வெள்ளையர் நிறைந்த ஓர் ஊரின் கணக்கு. அதைப் பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்குப் போட்டபோது ஆபத்தைக் குறைத்துக் காட்டியது. அதனால் 2008இல் அங்குள்ள அரசு வழிகாட்டுதல், தெற்காசிய ஆண்களுக்கு வரும் விடையை 1.4ஆல் பெருக்கிக்கொள்ளச் சொன்னது. பிறகு வந்த க்யூரிஸ்க் கணக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனியே குறிக்க இடம் வந்தது. லண்டனிலும் லெஸ்டரிலும் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே இந்தக் கணக்குதான் போடுவார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டுகள் முன்னதாக வருகிறது. நம் வீடுகளில் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் என்று செலவு குவிகிற வயது அது.

அட்டவணையின் பெரிய குறை இந்த இடத்தில்தான் தெரிகிறது. கணக்கில் வயதுக்குத்தான் கனம் அதிகம். 36 வயது இளைஞர், பி.பி. 150/96, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், இடுப்பு 102 சென்டிமீட்டர். உலகச் சுகாதார நிறுவன அட்டவணை 40 வயதில்தான் தொடங்குகிறது. இவருக்கு அதில் இடமே இல்லை. 40 வயதுக் கட்டத்தில் வைத்துப் பார்த்தாலும், பத்தே ஆண்டுக்கான கணக்கு என்பதால், அவருடைய உண்மையான நிலைமைக்கு அந்த நிறம் சாதுவாகத்தான் தெரியும். அதை நம்பி அவரை “ஒன்றுமில்லை, போய் வாருங்கள்” என்று அனுப்புவது பெரும் தவறு. ஆயுள் முழுவதும் சேர்ந்து வரும் ஆபத்து அவருக்கு மிக அதிகம். பிரிவென்ட் கணக்கில் 30 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கு 30 ஆண்டு ஆபத்தையும் தனியாகக் காட்டுவது இதற்காகத்தான். அதே கணக்கில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனையும் சேர்த்திருக்கிறார்கள். இதயச் செயலிழப்பையும் ஆபத்தாக எண்ணியிருக்கிறார்கள். பி.பி. உள்ளவர்களுக்கு இரண்டுமே முக்கியம்.

அடுத்து, பிரஷர் ஏற்கெனவே உடம்பில் தடம் பதித்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள். நான்கு போதும். இ.சி.ஜி. ஒன்று: மூட்டை தூக்குபவரின் தோள் முறுக்கேறுவது போல, அதிக அழுத்தத்துக்கு எதிராக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது, அதன் அடையாளம் இ.சி.ஜி.யில் கோடுகள் உயர்ந்து தெரியும். ஆனால் தடித்த இதயங்கள் பலவற்றை இ.சி.ஜி. தவறவிடும், சந்தேகம் இருந்தால் எக்கோ. இரண்டாவது ரத்தத்தில் கிரியேட்டினின். அந்த எண்ணை மட்டும் பார்க்காமல் வயதையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும்; 60க்குக் கீழே போனால் கவனம். மூன்றாவது சர்க்கரையும் கொழுப்பும். நான்காவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதைத்தான் அதிகம் பேர் செய்துகொள்வதில்லை.

சிறுநீரில் ஆல்புமின். சாதாரண லேப்பில் குச்சியை முக்கி ‘நில்’ என்று எழுதித் தருவார்கள். சிறிய அளவில் கசிவதை அந்தக் குச்சி காட்டாது. ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் என்று தனியாக ஒரு பரிசோதனை உண்டு. காலைச் சிறுநீர் கொஞ்சம் போதும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால் கசிகிறது என்று பொருள். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் குழாய்ச் சுவர் பழுதுபட்டிருக்கிறது. சிறுநீரகத்தில் பழுதான குழாய்கள் இதயத்திலும் மூளையிலும் மட்டும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறுநீரக நோய் என்று பெயர் சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லாதவர்களிடமும் இந்தக் கசிவு மாரடைப்பு ஆபத்தைக் கூட்டிக் காட்டுகிறது. வலி கிடையாது, ஊசி கிடையாது. பி.பி. உள்ள ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறை இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சில பரிசோதனைகள் தேவையே இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் எதுவும் இல்லாத ஒருவருக்கு “எதுக்கும் பார்த்துடலாம்” என்று ட்ரெட்மில். பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக எல்லாரையும் ஓடவிடுகிறார்கள். ட்ரெட்மில் கண்டுபிடிப்பது குழாய் பெருமளவு அடைத்திருந்தால்தான். மாரடைப்புகள் பலவும் பாதிகூட அடைக்காத ஒரு கொழுப்புத் திட்டு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. அந்தத் திட்டை ட்ரெட்மில் பார்க்காது. ‘நெகட்டிவ்’ என்று தாளை வாங்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், ஆபத்துக் குறைவான பெண்களுக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ வந்து, அதைத் தொடர்ந்து ஆஞ்சியோகிராம், கடன், மனக்கலக்கம். அட்டவணையில் நடுவில் நிற்கிற, கொழுப்பு மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத சிலருக்கு மட்டும் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவை அளக்கும் சி.டி. ஸ்கேன் உதவும். அதுவும் எல்லாருக்கும் வேண்டாம்.

கணித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். 123 ஆய்வுகளையும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கணக்கு, மேல் பிரஷரை 10 குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்றது. உதாரணத்துக்கு, நூற்றுக்கு 3 ஆபத்து உள்ள ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். 30 பேருக்கு வர வேண்டியது 24 ஆகும். ஆறு பேர் தப்பிப்பார்கள். நூற்றுக்கு 30 ஆபத்து உள்ள ஆயிரம் பேரில் 300 என்பது 240 ஆகும். அறுபது பேர் தப்பிப்பார்கள். அதே மாத்திரை, அதே பத்து புள்ளி. அதனால்தான் அந்த லாரி ஓட்டுநரை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

அதற்காக ஆசிரியைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று பொருளில்லை. 140/90க்கு மேல் உறுதியானால் மருந்து தரலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். மொத்த ஆபத்து முடிவு செய்வது வேறு மூன்றை. ஒன்று, 130 முதல் 139 வரை நிற்பவர்களில் யாருக்கு மருந்து என்பது. இதய நோய் உள்ளவர், சர்க்கரை உள்ளவர், சிறுநீரகம் பழுதானவர், மொத்த ஆபத்து அதிகம் உள்ளவர் ஆகியோருக்கு அந்த அளவிலேயே மருந்து வேண்டும். இரண்டு, எவ்வளவு தூரம் இறக்குவது என்பது. 2015இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வில், ஆபத்து கூடிய, ஆனால் சர்க்கரை இல்லாத 9,361 பேரில், 120க்குக் கீழே இறக்கப் பார்த்தவர்களுக்கு, 140க்குக் கீழே என்று விட்டவர்களைவிட இதய நிகழ்வுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் அவர்களுக்குக் கொஞ்சம் கூடின. நன்மை பெரிதாக இருப்பவருக்குத்தான் அந்தத் தொந்தரவைச் சகிக்கச் சொல்லலாம்.

மூன்றாவது, கொழுப்பு மாத்திரை. “எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல், எதுக்கு டாக்டர் ஸ்டேட்டின்?” என்ற கேள்விக்கு 2003இல் ஆஸ்காட் ஆய்வு பதில் சொன்னது. பி.பி.யோடு வேறு மூன்று ஆபத்துக் காரணிகளும் உள்ள, கொலஸ்ட்ரால் பெரிதாகக் கூடாத 10,305 பேருக்கு பி.பி. மருந்தோடு, பாதிப் பேருக்கு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டினும் தந்தார்கள். மாரடைப்பு 36 சதவீதம் குறைந்ததால் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆபத்து கூடியவருக்கு ‘நார்மல்’ கொலஸ்ட்ராலும் அதிகம்தான்.

இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது முதல், தன்னார்வலப் பெண்கள் பி.பி. மெஷினோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். நாடு முழுவதும் 30 வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு கேள்விப் படிவம் இருக்கிறது: வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, பரம்பரை. மதிப்பெண் 4ஐத் தாண்டினால் முதலில் பரிசோதிக்க வேண்டியவர் என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் எளிய அட்டவணைக்கு வேண்டியதில் முக்கால்வாசி அந்தத் தாளிலேயே இருக்கிறது. அவர்கள் பார்க்கும் பி.பி.யோடு உயரமும் எடையும் சேர்த்தால் முழுமை. அந்தப் பெண்கள் கையில் ஒரு வண்ண அட்டவணையும் இருந்து, சிவப்புக் கட்டத்தில் விழுபவரை அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சேர்க்கும் வழக்கம் வந்தால், இப்போது ‘பி.பி. பேஷன்ட்’ என்று ஒரே வரியில் எழுதிப் போகும் பதிவேடு, யாரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும் பதிவேடாக மாறும். அதிகாரிகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் உங்கள் மருந்தைப் பார்த்துக்கொள்கிறீர்கள், நல்லது. உங்களுக்கு அது 55 வயதுக்கு முன் வந்திருந்தால், அம்மாக்களுக்கு 65க்கு முன் வந்திருந்தால், உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இருபது வயதைத் தாண்டிய பையனோ பெண்ணோ, சென்னையில் வேலை, பெங்களூரில் வேலை, லீவு கிடைக்காது என்பார்கள். பொங்கலுக்கு வரும்போது பிடியுங்கள். ஒரு பி.பி., ஒரு கொலஸ்ட்ரால், ஒரு சர்க்கரை, இடுப்பளவு. அரைமணி நேர வேலை. எண்கள் நன்றாக இருந்தால் ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கலாம். இல்லாவிட்டால் அங்கிருந்தே தொடங்கலாம். அந்த வயதில் தொடங்கினால் நமக்கு முப்பது ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கேளுங்கள்.